நாப்பத்தேழாம் நம்பர் லைன்

அது வராதுங்க தம்பி. இந்தக் காத்தாலையெல்லாம் தாண்டற வரைக்கும் டவர் சரியா எடுக்காது. சும்மா தட்டீட்டே இருந்தா சார்ஜுதான் இறங்கும். பாக்கெட்டுல வெச்சுருங்க. தாராபுரம் கிட்டப் போனா தானா வந்துரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? இருவது வருசமா இதே பொழப்புத்தானுங்க. முன்னால கேபிள் டிவி, அப்பறம் நெட்டு. உடுமலைக்கு மேக்கால வள்ளியம்மை நகர்னு ஒண்ணு இருக்குது. எரநூத்தி அறுவத்திரண்டு ஊடு. அத்தனை ஊட்டுக்கும் ஒயரு இழுத்தது நான். என்ற பேரு நஞ்சப்பன். ஆனா அங்க போயி நஞ்சப்பன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நெட்டுக்காரருன்னு கேக்கோணும். இப்பப் போயிக் கேட்டறாதீங்க. இப்பக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க.

நீங்க ஈரோடுங்களா? நானும் ஈரோடு போயி, அங்கிருந்து ஓசூரு. மக இருக்குதுங்க அங்க, ஹேமலதா. கம்பெனி வேலை. தெனமும் காலையில ஏழு மணிக்குப் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்பிரும். ஒரு நாள் தவறாது. நான் வரேன்னு இன்னும் சொல்லலை. போயி இறங்கீட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கறேன். முன்னாடியே சொன்னா, ஏம்ப்பா இப்ப வரீங்க, தீபாவளிக்கு வாங்கன்னு சொல்லும். வேலை அதிகம் அதுக்கு.

கடலை எடுத்துக்குங்க. அட, எடுத்துக்குங்க.

என்ற ஊட்டுக்காரி இருந்த வரைக்கும் போனெல்லாம் அவதான் எடுப்பா. தனபாக்கியம். நான் ஏணியில நிப்பேன், அவ ஊட்டுல இருந்து, "ஏனுங்க, பதினெட்டாம் நம்பர்ல வரலையாமா, அப்பிடியே அதையும் பாத்துட்டு வந்துருங்க"ன்னு சொல்லுவா. ஊரு முழுக்க அவளுக்குப் பழக்கம். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு ஆடி மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. வண்டி வரதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.

அதுக்கப்பறம் ஊட்டுல சத்தம்னா முன் ரூமுல இருக்கற மிசினுக்குள்ள ஓடற காத்தாடிச் சத்தந்தான். எல்லா ஊட்டு ஒயரும் அங்கதான் வந்து சேரும். பக்கத்துல ஒரு கம்ப்யூட்டரு. எரநூத்தி அறுவத்திரண்டு லைனும் அதுல வரிசையா பச்சையாத் தெரியும். அதைப் பாத்துட்டே உக்காந்திருப்பேன்.

ஒண்ணு கவனிச்சிருக்கறீங்களா தம்பி? நெட்டு நல்லா வந்தா நெட்டுக்காரன் நெனப்பு ஒருத்தருக்கும் வராது. ஒரு வாரம், பத்து நாள், போனே அடிக்காது. நமக்கே சந்தேகம் வந்துரும். போனு கெட்டுப் போச்சோன்னு நானே பக்கத்து மளிகைக் கடைக்காரரை ஒரு தடவை அடிக்கச் சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் அடிச்சுது. ஒருக்கா ஐப்பசி மழையில இடி விழுந்து ரண்டு நாள் எல்லாம் நின்னு போச்சுங்க. நாப்பது ஊட்டுலிருந்து கூப்புட்டாங்க. போற பக்கமெல்லாம் வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுங்கன்னாங்க. ஒரு ஊட்டுல சோறே போட்டாங்க. சிரிக்காதீங்க. அந்த ரண்டு நாளும் எனக்குப் பொங்கல் நோம்பியாட்ட இருந்துச்சு.

போன தை மாசம் கம்பெனியிலிருந்து மேனேஜர் ஒருத்தரு வந்தாருங்க. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அது வேண்டாம். என்ற கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணை ஏத்திக் குடுத்தாரு. இனிமே யாரு ஊட்டுக்கு எவ்வளவு வேகம்னு மட்டுமில்லை, அந்த ஊட்டுக்குள்ள எது வேகமாப் போகோணும், எது மெதுவாப் போகோணும்னு நம்மளே வெக்கலாம்னாரு. கம்பெனியோட சினிமா, கம்பெனியோட சீரியல் எல்லாம் சல்லுன்னு போகோணும். மத்தவங்க வீடியோ, மூஞ்சி பாத்துப் பேசற கால், அதெல்லாம் கொஞ்சம் இழுத்துப் புடிக்கோணும். ஜனங்க வந்து கேட்டா, ஸ்பெஷல் பேக் எடுத்துக்குங்க, சரியாயிரும்னு சொல்லோணும்.

"இது தப்பில்லீங்களா?"ன்னு கேட்டேனுங்க. கேக்காம இல்லை.

"ஒயரு யாருது?"ன்னாரு.

"நம்முளுது."

"அப்பறம் என்னங்க?"

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

மாசி மாசத்துலிருந்து ஆரம்பிச்சோம். போனு அடிச்சுது பாருங்க, அப்பிடி அடிச்சுது. "அண்ணா, படம் நின்னு நின்னு வருது." "நெட்டுக்காரரே, பேத்தி மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது." நான் சைக்கிளை எடுத்துட்டு ஓடுவேன். காலையில எட்டு மணிக்குப் போனா பொழுதோடதான் ஊடு திரும்புவேன். ஒவ்வொரு ஊட்டுலயும் உக்காந்து பேக்கு பத்தி வெளக்கமாச் சொல்லுவேன். ஒரே மாசந்தான். பாதிப் பேரு பேக்கு எடுத்துட்டாங்க, மீதிப் பேரு பழகிட்டாங்க. மறுபடி போனு நின்னு போச்சு.

அதுல ஒருத்தரு மட்டும் பேக்கும் எடுக்கலை, பழகவும் இல்லை. நாப்பத்தேழாம் நம்பரு. தேவராஜ்னு பேரு. டெய்லரு. அம்பது வயசிருக்கும், தனி ஆளு. பொறந்ததுலிருந்து காது கேக்காது, வாய் பேச மாட்டாரு. நேரா என்ற ஊட்டுக்கு வந்துட்டாருங்க. கையில ஒரு நோட்டு. அதுல எழுதிக் காட்டினாரு. எழுத்து அச்சடிச்ச மாதர இருக்கும்.

கும்மோணத்துல அவருக்கு ஒரு தங்கச்சி. கனகவல்லி. அதுக்கும் அவராட்டவே காது கேக்காது. புஸ்தகம் பைண்டிங் பண்ற எடத்துல வேலை, புதன்கிழமை லீவு. ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு அண்ணனும் தங்கச்சியும் போனுல மூஞ்சி பாத்து, கையில பேசிக்குவாங்களாமா. ஒரு மணி நேரம். நகர்ல டவர்ல படம் எடுக்காது, நம்ம ஒயர்லதான் வரோணும். படம் நின்னா கை நிக்குது, கை நின்னாப் பேச்சு நிக்குது. அப்பறம் ஒண்ணு எழுதினாரு, எனக்கு அப்படியே நெனப்புல இருக்குதுங்க. "உங்க பேச்சு சத்தம். என் பேச்சு படம். படத்துக்குத் தனிக் காசு என்றால், நான் பேசுவதற்கே காசு கேட்கிறீர்கள்."

ரண்டு தடவை படிச்சேனுங்க. கம்பெனிக்குத் தெரியாம அவரு ஊட்டு லைனை மட்டும் திறந்து விட்டுட்டேன். ஒரு பைசா வாங்கலை. பின்னால நகர்ல ஒரு கூட்டம் போட்டாங்க, அதுல இதை ஒருத்தரும் சொல்லலை பாருங்க. நான் பண்ணின நல்லதை ஒருத்தரும் சொல்லலை.

அன்னிக்கு அவருக்கு டீ வெச்சுக் குடுத்தேன். தனபாக்கியம் போனதுக்கப்பறம் என்ற ஊட்டுல ரண்டாவது டம்ளர் கழுவினது அன்னிக்குத்தான். அவரு போறப்பக் கையைக் கூப்பிக் கும்புட்டாரு. நான் ரோடு வரைக்கும் கூட நடந்து போயி உட்டுட்டு வந்தேன்.

அப்பறம் அவரு வரலைங்க. வர வேண்டிய வேலை இல்லையே. லைன்தான் நல்லா வந்துருச்சே.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரு முன்னால உக்காந்திருந்தேன். நாப்பத்தேழாம் நம்பர் பச்சையா ஓடீட்டு இருந்துச்சு. எவ்வளவு போகுதுன்னு ஒரு கோடு ஏறி இறங்கும். அண்ணனும் தங்கச்சியும் பேசறாங்கன்னு அர்த்தம். சும்மா ஒரு டெஸ்டிங் பண்ணிப் பாக்கலாம்னு தோணுச்சு. கொஞ்சமா இறக்கினேன். கால் மணி நேரத்துல கதவு தட்டற சத்தம். தேவராஜ் நிக்கறாரு.

"வாங்க, வாங்க"ன்னு உள்ள கூப்புட்டேன். உக்கார வெச்சு, டீ குடுத்து, கம்ப்யூட்டர்ல என்னமோ பாக்கற மாதர பாத்து, திறந்து விட்டேன். சரியாயிருச்சுன்னு காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு வாரம் வந்த லைன் மறு வாரம் நிக்குதேன்னு கேட்டாரு. பழைய ஒயரு, அப்படித்தான்னு எழுதிக் காட்டினேன்.

அப்பறம் எல்லாப் புதன்கிழமையும் டெஸ்டிங்தானுங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. அரை மணி நேரம். மிஞ்சிப் போனா முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரம் பேசறவங்க, கால் மணி நேரம் பேசினாப் போதாதா? வெலகி இருக்கற சொந்தம், வாராவாரம் அப்படி என்ன பேசறதுக்கு இருக்கும்? என்ற மகளும் நானும் ரண்டு நிமிசத்துல பேசி முடிச்சறோம். அவரு போனுலயே மெசேஜ் போட்டிருப்பாரு, லைன் நின்னு போச்சுன்னு. நான் பாக்க மாட்டேன். பாத்தா நேருல வர மாட்டாருல்ல.

அஞ்சு மாசம். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும். புதன்கிழமைன்னா காலையிலயே ஊட்டைக் கூட்டி வெச்சிருப்பேன். பிஸ்கட்டு வாங்கி வெச்சிருப்பேன். அவரு எனக்குக் கைப்பேச்சு சொல்லிக் குடுத்தாருங்க. இது டீ. இது சக்கரை. இது மழை. என்ற கையி ஒயரு இழுத்துக் காச்சுப் போன கையி, சரியா வளையாது. அவரே என்ற வெரலைப் புடிச்சு மடக்கி விடுவாரு. அவங்களுக்குள்ள ஆளுக்கு ஒரு பேரு வெப்பாங்களாமா, சத்தமில்லாத பேரு. எனக்கு ஒண்ணு வெச்சாரு. ரண்டு வெரல்ல ஒயரை இழுக்கற மாதர, இப்பிடி. தூரத்துல தெருவுல என்னையப் பாத்தாலும் இப்பிடிக் காட்டுவாரு. நெட்டுக்காரருன்னு கூப்புடறதும் அதுதானே, ஆனா வேற மாதர இருந்துச்சுங்க.

அவருக்கு என்னைய ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அது எனக்குத் தெரியும்.

ஆவணி மாசம் தங்கச்சிக்கு இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சுன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேத்தாங்க. எனக்கு இதெல்லாம் அப்பறந்தான் தெரியும். சாமி சத்தியமா முன்னாலயே தெரியாது. வியாழக்கிழமை காலையில ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்களாமா. இவரு புதன்கிழமை பொழுதோட பஸ் ஏறிப் போறதா இருந்தாரு. துணி மணி எல்லாம் எடுத்து வெச்சுட்டாரு. மத்தியானம் அங்க டாக்டரு வந்து, இனியும் தாங்காது, இன்னிக்கே பண்ணீரலாம்னு சொல்லீட்டாங்க. கூட்டீட்டுப் போறதுக்கு முன்னால அண்ணன்கிட்டப் பேசிக்கட்டும்னு ஒரு நர்சம்மா போனைப் புடிச்சுட்டு நின்னுச்சாமா. தங்கச்சி ரண்டு கையிலயும் பேசோணும்ல, போனை யாராவது புடிக்கோணும்ல.

மணி நாலு. புதன்கிழமை.

நான் எப்பவுமாட்ட இறக்கினேன். டீக்குத் தண்ணி வெச்சேன்.

அஞ்சு நிமிசத்துல கதவு. தட்டலை, இடிக்கறாரு. திறந்தா, செருப்பில்லாம ஓடி வந்திருக்கறாரு. சட்டைப் பித்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருக்குது. நோட்டு எடுத்துட்டு வரலை. கையி ரண்டும் பறக்குது. நான் கத்துக்கிட்டது டீ, சக்கரை, மழை. அவரு என்ன சொல்றாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? சீக்கிரம் வந்துட்டாரே இன்னிக்குன்னு எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. தோளைப் புடிச்சு உக்கார வெச்சேன். சரி பண்ணிக் குடுக்கறேன், பொறுங்க, டீ கொதிச்சுருச்சு, குடிச்சுட்டுப் போலாம்னு காட்டினேன். அவரு எந்திரிச்சு என்னையத் தள்ளீட்டுக் கம்ப்யூட்டருகிட்டப் போனாரு. அதுல என்ன அமுக்கறதுன்னு அவருக்குத் தெரியாது. தெரியாம எதையாவது அமுக்கினா எல்லா ஊட்டுலயும் நின்னு போகும்னு நான் கையைப் புடிச்சுக்கிட்டேன். அவரு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சுங்க. அஞ்சு மாசத்துல அவரு சத்தத்தை நான் கேட்டது அன்னிக்குத்தான்.

பயந்து போயி உடனே திறந்து விட்டேன். உடனேன்னா, அந்த டம்ளரைக் கீழ வெச்சுட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து... ஒரு இருவது நிமிசம் ஆகியிருக்கும். அவரு ஓடினாரு. நானும் பின்னாலயே போனேன். போயிப் பாத்தா அவரு போனுல நர்சம்மா மூஞ்சி நல்லாத் தெளிவாத் தெரியுது. அது தலையை ஆட்டுது. தங்கச்சியை ஆபரேஷனுக்குக் கூட்டீட்டுப் போயிட்டாங்க.

தாராபுரம் வந்துருச்சு பாருங்க. டவர் வந்துருச்சுங்களா? வந்துருக்கும். வேணும்னா பாருங்க. இல்லையா? பரவாயில்லைங்களா? சரிங்க. நீங்க நல்ல மனுசரு.

அந்தம்மா உசுருக்கு ஒண்ணும் ஆகலைங்க. அதை மொதல்லயே சொல்லியிருக்கோணும். ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. தேவராஜ் அன்னிக்கே பஸ் ஏறிப் போயிட்டாரு, மூணு வாரத்துக்கு மேல அங்கயே இருந்தாரு. அந்த மூணு புதன்கிழமையும் நான் பிஸ்கட்டு வாங்கலை.

புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பூங்காவுல கூட்டம்னாங்க. நகர்ல சுகந்தி மேடம்னு ஒருத்தங்க இருக்கறாங்க, பாலிடெக்னிக்குல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கறவங்க. கம்பெனியோட சினிமா மட்டும் பறக்குது, மத்ததெல்லாம் நகருது, ஏன்னு ரண்டு மாசமா அளந்து அளந்து எழுதி வெச்சிருந்திருக்கறாங்க. இப்படி ஒண்ணை ஓட விட்டு ஒண்ணை நிறுத்தக் கூடாதுன்னு விதியே இருக்குதாமா. மேல எழுதிப் போடறதுக்குக் கையெழுத்து வாங்கறாங்கன்னு சொன்னாங்க. கம்பெனிக்கு எதிராத்தானே, எனக்கென்னன்னு நெனச்சேன். எனக்கும் அந்த மேனேஜர் மேல கோவந்தான். நாற்காலியெல்லாம் நானே போட்டேனுங்க தம்பி. மண்டபத்துலிருந்து தள்ளு வண்டியில கொண்டாந்து, எம்பது நாற்காலி. சட்டையை இஸ்திரி போட்டுட்டுப் போனேன். அத்தனை பேரு ஒரே எடத்துல. வாங்க வாங்கன்னு கூப்புட்டு உக்கார வெச்சேன்.

ஆளாளுக்கு ஒண்ணு பேசினாங்க. மாவு மில்லுக்காரரு, "ஒயரு அவங்களுது. அவங்க இஷ்டம். புடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போங்க"ன்னாரு. "வேற கம்பெனி எங்கீங்க இருக்குது இந்த ஏரியாவுல?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. ஒரு அம்மா, "எனக்கு சீரியல் ஓடினாப் போதும், எதுக்கு இந்த வம்பு"ன்னுச்சு. இன்னொருத்தரு, "ராப்பகலா சினிமா பாக்கறவனுக்கு மட்டும் குறைக்கட்டும், நமக்குத் தேவையானதை விடட்டும்"ன்னாரு. அப்ப சின்னு கவுண்டர் எந்திரிச்சாரு. தோட்டத்தை வித்துட்டு நகர்ல ஊடு கட்டி வந்தவரு.

"எது தேவைன்னு யாருங்க சொல்றது? எங்க வாய்க்கால்ல தண்ணி விடறவன், நீ நெல்லு போட்டிருக்கற, உனக்கு இல்லை, கரும்புக்காரனுக்குத்தான்னு சொல்ல முடியுமா? கடைமடைக்காரன் என்ன போடறான்னு மடை திறக்கறவன் பாக்கலாமா? முறைன்னா எல்லாத்துக்கும் ஒரே முறைதானுங்க."

கை தட்டினாங்க. நானும் தட்டினேனுங்க. நல்லாத்தானே சொன்னாரு.

அப்பறம் சுகந்தி மேடம் ஒரு காயிதத்தை எடுத்தாங்க. முன்னாலயே கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தாங்களாமா, அங்கிருந்து பதில் வந்திருக்குதுன்னாங்க. "நாங்க அப்படி எதுவும் சொல்லலை, உங்க ஏரியா ஆபரேட்டர் அவரா பண்ணினது"ன்னு எழுதியிருக்கறாங்க. அதுக்குச் சாட்சியா ஒரு பட்டியல். மேடம் வாசிச்சாங்க. நாப்பத்தேழாம் நம்பர் ஊடு. புதன்கிழமை நாலு மணி, குறைச்சது. நாலே முக்கால், திறந்தது. அடுத்த புதன்கிழமை நாலு மணி, குறைச்சது. அதுக்கடுத்த புதன்கிழமை. அவங்க ஒவ்வொண்ணா வாசிச்சுட்டே போனாங்க. இருவத்திரண்டு புதன்கிழமைங்க. நான் கூட அத்தனைன்னு நெனக்கலை.

நகர் முழுக்கக் குறைச்சது கம்பெனி. அதையும் என்ற தலையில கட்டிட்டாங்க. அது அநியாயம். யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன், அது அநியாயம். ஆனா நாப்பத்தேழு நான்தானே. அதை வெச்சு இதையும் நம்பிட்டாங்க.

தேவராஜ் மொத வரிசையில உக்காந்திருந்தாரு. நானே போட்ட நாற்காலி. மெலிஞ்சு போயிருந்தாரு. அவரு எழுதிக் குடுத்ததையும் மேடம் வாசிச்சாங்க.

"ஆபரேஷனுக்குப் பிறகு என் தங்கைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கை இனி வராது என்கிறார்கள். அந்தப் புதன்கிழமை நாலு மணிக்குத்தான் அவள் கடைசியாக இரண்டு கையாலும் பேசியிருக்கிறாள். என்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இப்போது ஞாபகம் இல்லை. நான் இவரிடம் பணம் கேட்கவில்லை. அந்தப் பேச்சு எங்கே போனது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. பேக்கு விக்கறதுக்குப் பண்ணினியா, கம்பெனி கமிஷன் குடுத்துச்சா, ஊமைன்னா கேக்க ஆளில்லைன்னு பண்ணினியான்னு ஒவ்வொருத்தரும் கத்தறாங்க. சின்னு கவுண்டர் மட்டும் மெதுவா, "ஏனப்பா நஞ்சப்பா, எதுக்கு இப்படிப் பண்ணினே?"ன்னாரு. நகர்ல ஒருத்தரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டது எத்தனை வருசங் கழிச்சுங்க.

சொல்லியிருக்கலாம். ஒரு டீ குடிச்சுட்டுப் போகட்டும்னு பண்ணினேன்னு சொல்லியிருக்கலாம். எம்பது பேரு முன்னால அதை எப்பிடிங்க சொல்றது? கமிஷனுக்குத்தான்னு சொல்லீட்டேன்.

ஆமாங்க. கமிஷனுக்குன்னு சொன்னேன். அது சொன்னா எல்லாத்துக்கும் புரிஞ்சுதுங்க. ஒருத்தரும் மறு கேள்வி கேக்கலை. தேவராஜுக்கு மேடம் எழுதிக் காட்டினாங்க. அவரு அதைப் படிச்சுட்டு என்னையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு நம்பலைன்னு நெனக்கறேன். அப்பறம் மேடத்துகிட்ட என்னையக் காட்டி என்னமோ கேட்டாரு. ரண்டு வெரல்ல ஒயரு இழுக்கற மாதர காட்டலைங்க. சும்மா ஒத்த வெரலை நீட்டினாரு, யாரோ ஒரு ஆளைக் காட்டறாப்பல.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. நாற்காலியை நான்தான் அடுக்கினேன்.

கம்பெனி என்னைய எடுத்துட்டாங்க. ஒரே வாரத்துல வேற ஆளு வந்து, மிசினெல்லாம் கழட்டீட்டுப் போயி, ரோட்டு மேல ஒரு கடையில வெச்சுட்டான். மேடம் எழுதிப் போட்டதுல, கம்பெனியும் பயந்துக்கிட்டு எல்லாத்தையும் ஒரே மாதர ஓட விட்டுட்டாங்க. இப்ப நகர்ல எல்லா ஊட்டுலயும் எல்லாமே ஓடுதாமா. போனு ஒண்ணும் வரதில்லை. அது என்ற நம்பரும் இல்லையே இப்ப, புது ஆளு நம்பரு. ஆனாலும் பழக்கத்துல யாராச்சும் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். முன் ரூமுல அந்தக் காத்தாடிச் சத்தம் கூட இல்லீங்க. அந்த ஊட்டுல அதுக்கு மேல இருக்க முடியலை. சாவியைப் பக்கத்துக் கடையில குடுத்துட்டுக் கெளம்பிட்டேன்.

நேத்து புதன்கிழமை. போறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துச் சொல்லீட்டுப் போலாம்னு தேவராஜ் ஊட்டுக்குப் போனேன். என்ன சொல்றதுன்னு தெரியாது. எழுதி எடுத்துட்டுப் போனேன், ரண்டு பக்கம். அந்தப் பேச்சு எங்க போச்சுன்னு கேட்டாருல்ல, அதுக்குப் பதிலும் எழுதியிருந்தேன், நாலஞ்சு தடவை அடிச்சு அடிச்சு எழுதினது. அவரு ஊட்டு வாசல்ல ஒரு சுவிட்சு இருக்குதுங்க. காது கேக்காதவங்க ஊடு, பெல்லடிச்சாத் தெரியாதுல்ல. அதை அமுக்கினா உள்ள ஒரு பல்பு மின்னும். ஒயரு இழுத்த அன்னிக்கும், அந்தப் புதன்கிழமை பின்னால ஓடினப்பவும் தவிர, இத்தனை வருசமா அவரைப் பாக்கன்னு அந்த ஊட்டுக்குப் போனதே இல்லைன்னு அப்பத்தான் தோணுச்சு. எப்பவும் அவருதானே வந்தாரு.

மணி நாலு பத்து. சன்னல் திறந்திருந்துச்சு. தையல் மிசினை ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு, போனைச் செவுத்துல சாச்சு வெச்சு உக்காந்திருக்கறாரு. தங்கச்சி மூஞ்சியை நான் நேத்துத்தான் பாத்தேன். அவராட்டவே மூக்கு. படம் அவ்வளவு தெளிவுங்க, ஒரு நடுக்கம் இல்லை. சிரிக்குது. இடது கை போர்வைக்குள்ள கெடக்குது. வலது கையில என்னமோ சொல்லுது, பாதியில நிறுத்துது, யோசிச்சு மறுபடி சொல்லுது. இவரு தலையை ஆட்டி ஆட்டிப் பாத்துட்டே இருக்கறாரு.

சுவிட்சு மேல வெரலை வெச்சேன். அமுக்கினாப் பேச்சு நின்னு போகுமேன்னு எடுத்துட்டேன்.

அப்படியே சன்னலோரமா நின்னுட்டேன். அஞ்சு மணி வரைக்கும் பேசினாங்க. தேவராஜுக்கு ரண்டு கையும் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அந்த நேரம் பூரா அவரும் இடது கையை மடியில போட்டுட்டு, வலது கை ஒண்ணுலயேதான் பேசினாரு. நான் பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவை கூட அந்தக் கையை அவரு எடுக்கவே இல்லீங்க.